உங்களுக்குத் தெரியுமா? ஜாதவ்பூர் ரயில் நிலையத்தைச் சுற்றி

வார இறுதியில் நிதானமாகப் படிக்க, இந்த முறை கொல்கத்தாவின் தென்பகுதியிலிருந்து சில செய்திகள். சியால்டாவில் தெற்குப் பாதை ரயில் ஏறினால் பாலிகஞ்ச், தாக்குரியா கடந்ததும் வருவது ஜாதவ்பூர். ஒரு பெரிய பல்கலைக்கழகம், அகதிகள் தாங்களே கட்டிக்கொண்ட காலனிகள், மூடிப்போன தொழிற்சாலைகள், விடிவதற்கு முன்பே நிரம்பும் நடைமேடைகள் என்று எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி இருக்கும் இடம். இந்தியச் சமூக அறிவியலில் உலகம் கவனித்த கேள்விகள் பலவற்றுக்கும் இந்தப் பகுதிக்கும் ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது. அரசாங்கக் காகிதத்தில் யாருடைய வாழ்க்கை பதிவாகிறது, யாருடையது விடுபடுகிறது என்ற கேள்வி அவற்றில் அடிக்கடி தலைகாட்டும்.

● ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வேர் ஒரு சுற்றறிக்கையில் இருக்கிறது. 1905இல் வைஸ்ராய் கர்சன் வங்காளத்தைப் பிரித்தபோது மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். சுதேசிக் கூட்டங்களுக்குப் போகும் மாணவர்களைக் கட்டுப்படுத்தாத பள்ளி, கல்லூரிகளின் மானியம் நிறுத்தப்படும் என்று கார்லைல் என்ற அதிகாரி அந்த அக்டோபரில் சுற்றறிக்கை அனுப்பினார். ரங்பூரில் மாணவர்களுக்கு அபராதம் விதித்தார்கள். பெற்றோர் அபராதம் கட்டாமல் தனியாக ஒரு தேசியப் பள்ளியையே தொடங்கிவிட்டார்கள். அந்த வேகத்தில் 1906இல் தேசியக் கல்விக் கழகம் உருவானது. சுபோத் சந்திர மல்லிக் 1 லட்சம் ரூபாய் கொடுத்தார். அதற்காகவே மக்கள் அவரை ‘ராஜா’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். கழகம் நடத்திய கல்லூரிக்கு முதல் முதல்வர் அரவிந்தர், பிற்பாடு புதுச்சேரிக்கு வந்தாரே, அவரேதான். அதே 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். ஒரே அலை ஒரு கரையில் கல்லூரியாகவும் இன்னொரு கரையில் கப்பலாகவும் எழுந்தது. கல்லூரி பல மாற்றங்களைக் கடந்து 1920களில் ஜாதவ்பூருக்கு இடம் மாறியது. 1955 டிசம்பர் 24இல் பல்கலைக்கழகம் ஆனது.

● அந்த ஆரம்ப நாளிலேயே ஒரு சண்டை. நாட்டுக்கு உடனடித் தேவை இலக்கியமும் தத்துவமும் உள்ளிட்ட முழுக் கல்வியா, தொழில் கல்வியா? தாரகநாத் பாலித் தொழில் கல்விதான் என்று தனி நிறுவனம் கண்டார். 1910இல் இரண்டும் இணைந்தன. பொறியியலும் கலைப்பாடமும் ஒரே வளாகத்தில் சம மதிப்போடு இருப்பது ஜாதவ்பூரின் தனித்தன்மை. அந்த இணைப்புதான் அதற்கு அடிப்படை. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு ஒரு பல்கலைக்கழகம், மற்றதற்கு வேறொன்று என்று பிரித்ததில் நாம் இழந்தது அதிகம் என்பது என் எண்ணம்.

● 1907இல் தேசியக் கல்விக் கழகத்தின் அழைப்பில் தாகூர் உலக இலக்கியம் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். 1956இல் கவிஞர் புத்ததேவ் போஸ் ஜாதவ்பூரில் ஒப்பிலக்கியத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அந்தப் பாடத்துக்கு அதுவே முதல் துறை.

● அதே 1956. பொருளாதாரத் துறையைப் புதிதாக உருவாக்கித் தலைமை ஏற்க ஓர் இளைஞரை நியமித்தார்கள். அவருக்கு அப்போது 23 வயதுகூட நிரம்பவில்லை. எதிர்ப்பு எழாமல் இருக்குமா? எழுந்தது. எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்று அவரே பிற்பாடு எழுதினார். அவர் அமர்த்தியா சென். 1998இல் நோபல் பரிசு பெற்றார்.

அவர் பார்த்த பஞ்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1943இல் சாந்திநிகேதன் வழியாகப் பட்டினி மக்கள் போனபோது சென்னுக்கு 9 வயது. கேட்டு வருபவர்களுக்கு ஒரு சிகரெட் டப்பா அளவு அரிசி கொடுக்கலாம் என்று தாத்தா அனுமதித்திருந்தார். ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்ட பஞ்சம் அது. 1981இல் வெளியான தன் நூலில் சென் அந்த ஆண்டின் உணவு இருப்பைக் கணக்கிட்டார். முந்தைய 5 ஆண்டுகளின் சராசரியைவிட 5 சதவீதம்தான் குறைவு. பஞ்சமே இல்லாத 1941ஐவிட 13 சதவீதம் அதிகம். யுத்தச் செலவால் விலை ஏறியது, நகரத்துத் தொழிலாளிக்கு மலிவு அரிசி கிடைத்தது, கிராமத்துக் கூலியாளின் கூலி மட்டும் நின்ற இடத்தில் நின்றது. அரிசி இருந்தது, வாங்கும் வழிதான் இல்லை. ரேஷன் கடையைப் பற்றி இன்று யார் வாதாடினாலும் இந்தக் கணக்கைப் படித்துவிட்டு வாதாடுவது நல்லது.

● சென் பொருளாதாரத் துறையில் இருந்த நாளில் வரலாற்றுத் துறையில் இருந்தவர் ரணஜித் குஹா. 1982இல் அவர் தொடங்கிய ‘சபால்டர்ன் ஸ்டடீஸ்’ வரிசை, தலைவர்களையும் மாநாடுகளையும் விட்டு விவசாயி, பழங்குடி, கூலியாள் பக்கம் வரலாற்றைத் திருப்பியது. 2023 ஏப்ரலில், 100 வயதுக்குச் சில வாரங்களே இருந்தபோது, ஆஸ்திரியாவில் காலமானார்.

அவர் 1987இல் எழுதிய ஒரு கட்டுரையைத் தேடிப் படியுங்கள். பீர்பூம் மாவட்டத்தில் 1849ஆம் ஆண்டு பதிவான சில வாக்குமூலங்கள்தான் அதன் மூலப்பொருள். எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு பக்கம். பாக்தி என்ற ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த சந்திரா விதவை. உறவுமுறை ஆண் ஒருவனால் கருவுற்றிருந்தாள். அவன் அவளுடைய தாயிடம் வந்து, கருவைக் கலைக்க ஏற்பாடு செய், இல்லையென்றால் அவளை வைணவத் துறவுக் கோலம் போட்டு அனுப்பிவிடுவேன் என்றான். அந்தக் கோலம் பூண்டால் சாதிக்கும் வீட்டுக்கும் வெளியே நிற்க வேண்டியதுதான். தாய் மருந்துக்கு அலைந்தாள். சகோதரி மருந்தைக் கொடுத்தாள். சந்திரா இறந்துபோனாள். வீட்டு ஆண்கள் இரவோடு இரவாக உடலைப் புதைத்தார்கள்.

அரசாங்கத்தின் கண்ணுக்கு இது ஒரு கொலை வழக்கு, மருந்து கொடுத்த சகோதரி குற்றவாளி. நீதிமன்றம் கேட்டதெல்லாம் யார் செய்தது என்ற ஒரே கேள்வி. குஹா அதே காகிதத்தில் வேறொன்றைப் படித்தார். தாயும் சகோதரியும் மற்ற உறவுப் பெண்களும் சேர்ந்து ஒருத்தியை ஊர்விலக்கிலிருந்து காப்பாற்றப் பார்த்த முயற்சி அது. அவளைக் கருவுறச் செய்தவன் தண்டனை விதிக்கும் இடத்தில் நிற்க, பெண்கள் தங்களுக்குள் ஒரு கூட்டைக் கட்டிக்கொண்டார்கள். கிழிந்துபோன ஒரு காகிதத்திலிருந்து ஒரு குடும்பத்தின் பயத்தையும் பாசத்தையும் இப்படி மீட்டெடுக்க முடியும் என்பதை அந்தக் கட்டுரை காட்டியது. நம் ஊர்க் காவல் நிலையங்களில் தூங்கும் முதல் தகவல் அறிக்கைகளை இந்தக் கண்ணோடு படிக்க ஆள் வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

● ‘சபால்டர்ன் ஸ்டடீஸ்’ வரிசை மொத்தம் 12 தொகுதி. அதில் நம்மவர்களுக்கும் இடம் உண்டு. 11ஆவது தொகுதியை அரசியல் அறிஞர் பார்த்தா சாட்டர்ஜியுடன் சேர்ந்து தொகுத்தவர் இலங்கையின் மானிடவியலாளர் பிரதீப் ஜெகநாதன். முஸ்லிம்களையும் தலித்துகளையும் மையமாக வைத்து 2005இல் வந்த 12ஆவது தொகுதியின் தொகுப்பாளர் மூவரில் ஒருவர் எம்.எஸ்.எஸ். பாண்டியன், எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றி நூல் எழுதிய அதே பாண்டியன்.

● ஜாதவ்பூரைச் சுற்றிய பேட்டைகளின் பெயர்களைப் பாருங்கள். விஜய்கட், ஆசாத்கட், நேதாஜி நகர், காந்தி காலனி, பாபுஜி நகர், பாகா ஜதின். விடுதலைப் போராட்ட வரலாற்றுப் பாடம் போல இருக்கும். இவை பெரும்பாலும் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் அரசைக் கேட்காமல் குடியேறிய இடங்கள். விஜய்கட் முன்னோடி. இரண்டாம் உலக யுத்தத்தின்போது ராணுவம் கட்டிவிட்டுப் போன கொட்டகைகளில் அங்கே குடியேற்றம் தொடங்கியது.

மற்ற இடங்களில் நடந்தது இப்படி. காலி நிலத்தை முன்கூட்டியே பார்த்து வைப்பார்கள். இரவில் மூங்கிலும் பாயும் சுமந்து போய், விடிவதற்குள் குடிசை நிற்கும். மனைகளை அளந்து பிரிப்பது காலனிக் கமிட்டி. பகலில் நிலக்காரரின் அடியாட்களோ போலீஸோ வந்தால் பெண்கள் சங்கை ஊதுவார்கள். வீட்டுப் பூசையில் ஊதும் அதே சங்கு. சத்தம் ஒரு குடிசையிலிருந்து அடுத்ததற்குத் தாவும். துடைப்பம், அரிவாள்மணை என்று கையில் கிடைத்ததோடு பெண்கள் முன்வரிசையில் நிற்பார்கள். குடிசை நின்ற கையோடு பள்ளிக்கூடத்துக்கு இடம் ஒதுக்கினார்கள். விஜய்கட்டில் 1950இலேயே கல்லூரி வந்துவிட்டது.

ஆக்கிரமிப்பாளரை வெளியேற்ற 1951இல் அரசு சட்டம் கொண்டுவந்தது. போராட்டம் அதில் மறுவாழ்வு என்ற சொல்லையும் சேர்க்க வைத்தது. 1950 முடிவதற்குள் அமைந்த 149 காலனிகள் பட்டியலில் ஏறின. நிலத்தின் முழு உரிமைப் பத்திரம் கைக்கு வர 1980களின் பிற்பகுதி ஆகிவிட்டது.

● இந்தக் கதையில் காலனிக்காரர்கள் அதிகம் சொல்லாத பக்கம் ஒன்று உண்டு. ஜாதவ்பூர்க் காலனிகளில் இடம் பிடித்தவர்கள் பெரும்பாலும் படித்த மேல்சாதியினர். கமிட்டி நடத்த, மனு எழுத, வக்கீலைப் பிடிக்க அவர்களால் முடிந்தது. நாமசூத்திரர் போன்ற ஒடுக்கப்பட்ட சாதியினர் பெருமளவில் அரசு முகாம்களுக்குப் போனார்கள். அங்கிருந்து 1958 முதல் மத்திய இந்தியாவின் தண்டகாரண்யக் காட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். விஜய்கட் மக்கள் தங்கள் கதையை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஆராய்ந்த உதிதி சென், சுயமுயற்சியின் பெருமைக்குள் சாதி எப்படி மறைந்துபோகிறது என்பதை எடுத்துக் காட்டினார்.

1978இல் தண்டகாரண்யத்திலிருந்து திரும்பியவர்களில் பல ஆயிரம் பேர் சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பி தீவில் குடியேறினார்கள். அவர்கள் செய்ததும் ஜாதவ்பூர்க்காரர்கள் செய்ததுதான். காலி நிலம், குடிசை, பள்ளிக்கூடம். ஜாதவ்பூரில் அகதிகள் பக்கம் நின்று வளர்ந்த இடதுசாரிகள் அப்போது ஆட்சியில் இருந்தார்கள். 1979 ஜனவரியில் தீவைச் சுற்றி வளைத்தார்கள். மே மாதம் மக்களை வெளியேற்றினார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு இன்றுவரை ஒத்துப்போகவில்லை. இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லாத எந்த வங்காள வரலாறும் பாதி வரலாறுதான்.

● இதோடு ஒரு பெயர். 1946இல் வங்காளத்திலிருந்து அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வாகத் துணை நின்ற ஜோகேந்திரநாத் மண்டல், பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர் ஆனார். 1950இல் பதவியைத் துறந்து கல்கத்தா திரும்பினார். பிறகு அகதிகளுக்காகப் போராடினார். இந்தியாவில் ஒரு தேர்தலிலும் அவரால் வெல்ல முடியவில்லை. 1968இல் காலமானார்.

● தாக்குரியாவுக்கும் பக்கத்து ஏரிக்கும் இடையில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு குடிசை வரிசை. கோவிந்தபூர் ரயில் காலனி என்பார்கள். நிலம் ரயில்வேயுடையது, குடியிருப்பவர் எவருக்கும் பத்திரம் கிடையாது. இங்கே நடந்த கள ஆய்விலிருந்துதான் பார்த்தா சாட்டர்ஜி ‘அரசியல் சமூகம்’ என்ற கருத்தை 2004இல் விரிவாக முன்வைத்தார். அவர் இயக்குநராக இருந்த சமூக அறிவியல் ஆய்வு மையம் 1973இல் லேக் டெரஸில், வரலாற்றறிஞர் ஜதுநாத் சர்க்கார் வாழ்ந்த வீட்டில் தொடங்கியது. இன்று பாட்டுலியில் இருக்கிறது.

கருத்து நமக்குப் புதிதல்ல. புறம்போக்கில் குடிசை போட்டவருக்குப் பட்டா கிடையாது, ஆனால் ரேஷன் கார்டு உண்டு, வாக்காளர் அட்டை உண்டு. சட்டம் அவரை ஆக்கிரமிப்பாளர் என்கிறது. அரசாங்கமோ அவர் குழந்தைக்கு அங்கன்வாடி நடத்துகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் சங்கம் வைத்து, கவுன்சிலரைப் பிடித்து, தேர்தல் நேரம் பார்த்துத் தண்ணீர்க் குழாயையும் மின் விளக்கையும் வாங்குவது ஓர் அரசியல். ரயில் காலனி மக்களும் ஜனகல்யாண் சமிதி என்று ஒரு சங்கம் வைத்து அதைத்தான் செய்தார்கள். உரிமை கேட்டு நீதிமன்றம் போகும் குடிமக்களின் உலகம் வேறு, இது வேறு என்றார் சாட்டர்ஜி. என் மனதில் இன்னும் தீராத கேள்வி ஒன்று உண்டு. கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு லாரியில் ஏற்றப்பட்டவர்களுக்கு அந்தப் பேரம் ஏன் கைகொடுக்கவில்லை? பேரம் பேசிப் பெறும் சலுகை, பேரம் முறியும் நாளில் போய்விடுகிறது. அப்போது மறுபடி உரிமையைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

● கேனிங், டயமண்ட் ஹார்பர், லக்ஷ்மிகாந்தபூர் பாதைகளில் வரும் விடிகாலை ரயில்கள் ஜாதவ்பூரில் நின்றதும் இறங்குபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள். தெற்கு 24 பர்கானா கிராமங்களில் இருட்டோடு எழுந்து, தங்கள் வீட்டுச் சோறு வடித்து வைத்துவிட்டுக் கிளம்பியவர்கள். ஒரு வீட்டில் பாத்திரம், அடுத்ததில் துணி, மூன்றாவதில் சமையல். மதியமோ மாலையோ அதே பாதையில் திரும்ப வேண்டும். நகரவாசிகள் அந்த ரயிலுக்கு வேலைக்காரியின் பெயரால் ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதை இங்கே எழுத மனம் ஒப்பவில்லை.

பல்கலைக்கழகத்தில் 1988இல் தொடங்கிய பெண்ணியல் ஆய்வுப் பள்ளி இவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. அதன் இயக்குநராக இருந்த சமிதா சென், நீலாஞ்சனா சென்குப்தாவுடன் எழுதிய நூல் 2016இல் வந்தது. முறைசாராத் தொழிலில் கல்கத்தாப் பெண்கள் பற்றி 1985இலேயே நூல் எழுதியவர் நிர்மலா பானர்ஜி, 2019இல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியின் தாய். வீட்டுப் பணியாளர்களின் சமிதி 2018இல் தொழிற்சங்கமாகப் பதிவு பெற்றது.

2020 மார்ச்சில் புறநகர் ரயில்கள் நின்றன. ஏழு மாதத்துக்கு மேல் ஓடவில்லை. ரயில்வே ஊழியர்களுக்கென ஓடிய சிறப்பு வண்டிகளில் எங்களையும் ஏற்றுங்கள் என்று இந்தப் பாதையின் நிலையங்களில் மக்கள் மறியல் செய்தார்கள். எந்த அலுவலகப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத இந்த உழைப்பு எவ்வளவு பெரியது என்று நகரம் அந்த மாதங்களில் கண்டது. தமிழ்நாட்டில் 2007இல் இவர்களுக்கென நல வாரியம் வந்தது. உங்கள் வீட்டுக்கு வருபவர் அதில் பதிந்திருக்கிறாரா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

● பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் இன்று சவுத் சிட்டி மால் இருக்கும் இடத்தில் உஷா மின்விசிறி, தையல் மெஷின் செய்த ஜே இன்ஜினியரிங் தொழிற்சாலை இருந்தது. சட்டம் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் வேறு விதத்தில் தெரியும். 1967இல் ஐக்கிய முன்னணி ஆட்சியில், தொழிலாளர்கள் நிர்வாகிகளைச் சூழ்ந்து வெளியே விடாமல் வைக்கும் ‘கெரோ’ பரவியது. தொழிலாளர் அமைச்சரைக் கேட்காமல் போலீஸ் தலையிடக் கூடாது என்று அரசு சுற்றறிக்கை விட்டது. வழக்குப் போட்ட கம்பெனிகளில் ஜே இன்ஜினியரிங்கும் ஒன்று. சுற்றறிக்கை செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூடிய இன்னொரு தொழிற்சாலையும் உண்டு: அதே பகுதியின் சுலேகா சந்திப்புக்குப் பெயர் தந்தது, சுதேசி இயக்கத்துக்காக 1934இல் பிறந்த சுலேகா பேனா மை கம்பெனி. 1980களின் இறுதியில் மூடி, 2006இல் மறுபடி திறந்தது.

● ஜாதவ்பூர் மக்களவைத் தொகுதியின் பட்டியல் ஒரு தனிப் பாடம். 1984இல் சோம்நாத் சாட்டர்ஜியைத் தோற்கடித்து மம்தா பானர்ஜி முதன்முறையாக நாடாளுமன்றம் போனது இங்கிருந்து. 1989இல் அவரைத் தோற்கடித்தவர் மாலினி பட்டாச்சார்யா, ஜாதவ்பூரின் ஆங்கிலப் பேராசிரியர். 2009இல் பாடகர் கபீர் சுமன், 2014இல் ஹார்வர்டு வரலாற்றுப் பேராசிரியர் சுகதா போஸ், பின் இரண்டு முறை நடிகைகள்.

சட்டமன்றத்தில் 1987 முதல் ஜாதவ்பூர் தொகுதியை வைத்திருந்த புத்ததேவ் பட்டாச்சார்யா 2011இல் முதல்வராக இருந்தபோதே தோற்றார். வென்றவர் மனீஷ் குப்தா, அதே மாநிலத்தின் முன்னாள் தலைமைச் செயலாளர். புத்ததேவுக்குச் சித்தப்பா முறையாகும் இளம் கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா 1947 மே மாதம், விடுதலைக்கு மூன்று மாதம் முன், 20 வயதில் ஜாதவ்பூர் காசநோய் மருத்துவமனையில் இறந்தார். 1943 பஞ்சத்தைப் பற்றிய கவிதைத் தொகுப்பைப் பதிப்பித்தவர் அவர்.

● 1970 டிசம்பர் 30. துணைவேந்தர் கோபால் சந்திர சென் ஓய்வு பெறும் தறுவாயில் வளாகத்துக்குள்ளேயே குத்திக் கொல்லப்பட்டார். நக்சல்பாரிக் கொந்தளிப்பின் உச்சத்தில், தேர்வைப் புறக்கணிக்கச் சொன்னவர்களை மீறித் தேர்வு நடத்தியவர். 2014 செப்டம்பரில் நள்ளிரவில் போலீஸ் வளாகத்துக்குள் நுழைந்து மாணவர்களை அடித்தது. ‘ஹோக் கொலொரப்’ (ஆரவாரம் எழட்டும்) என்று மாணவர்கள் கொட்டும் மழையில் ஊர்வலம் போனார்கள். அடுத்த ஜனவரியில் துணைவேந்தர் விலகினார். 2023 ஆகஸ்டில் முதலாண்டு மாணவர் ஒருவர் விடுதியில் பகடிவதைக்குப் பிறகு உயிரிழந்தார். வெளியே அதிகாரத்தை எதிர்த்து நிற்கக் கற்றுத்தந்த வளாகம், விடுதி அறைக்குள் மூத்தவர் இளையவர் மேல் செலுத்தும் அதிகாரத்தைப் பல ஆண்டுகள் கண்டும் காணாமல் விட்டிருக்கிறது. 1996இல் ஒரு மருத்துவ மாணவரைப் பறிகொடுத்த பிறகுதான் தமிழ்நாட்டுக்கும் 1997இல் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது.

● ஆராய்ச்சி சில சமயம் நல்ல செய்தியும் சொல்லும். மேற்கு வங்கத்தில் 1998 முதல் ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எந்த ஊராட்சி என்பது குலுக்கல் போல, யார் விருப்பமும் கலக்காமல் முடிவானது. பீர்பூம் மாவட்டத்தில் ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டஃப்லோவும் ஆராய்ந்தபோது, பெண் தலைவர் இருந்த ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதல் பணம் போயிருந்தது. கிராமத்துப் பெண்கள் அதிகம் கேட்டதும் குடிநீர்தான். 2012இல் வந்த அடுத்த ஆய்வு 495 கிராமங்களைப் பார்த்தது. இரண்டு தேர்தல் சுற்றுகள் தொடர்ந்து பெண் தலைவரைக் கண்ட ஊர்களில், படிப்பில் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் இருந்த இடைவெளி மறைந்துவிட்டது. ஒரு சுற்று போதவில்லை, இரண்டு தேவைப்பட்டது. நம் உள்ளாட்சிகளில் 50 சதவீதம் ஒதுக்கியதோடு நிற்காமல், எத்தனை பெண்கள் தாங்களே நாற்காலியில் அமர்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள் என்று எண்ண வேண்டும்.

● நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு. 1983இல் கல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, கிராமத்து நோயாளிகளின் உள்ளங்கைத் தடிப்பிலும் தோல் புள்ளிகளிலும் அதை அடையாளம் கண்டார். ஜாதவ்பூரின் சுற்றுச்சூழல் ஆய்வுப் பள்ளியின் தீபங்கர் சக்ரவர்த்தி 1988 முதல் ஊர் ஊராகப் போய்க் குழாய்க் கிணறுகளின் நீரைச் சோதித்தார். மேற்கு வங்கத்தோடு நிற்காமல் வங்கதேசத்துக்கும் போனார். வேதனை என்னவென்றால், அந்தக் கிணறுகளைத் தோண்டியதே நல்ல நோக்கத்தில்தான். குளத்து நீரால் வந்த பேதியைத் தடுக்க ஆழத்து நீரைத் தேடினார்கள். உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வங்கதேசத்தில் பாதுகாப்பான கிணற்றுக்குப் பச்சை, நஞ்சுள்ளதற்குச் சிவப்பு என்று வண்ணம் அடித்தார்கள். சிவப்புக் கிணற்றைத் தொட்டவரெல்லாம் நோயாளி என்று ஊர் ஒதுக்கிய கொடுமையும் நடந்தது. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்களுக்குத் திருமணம் தடைபட்டது.

அரசுகள் சுத்திகரிப்புக் கருவிகளை நட்டன. அவற்றில் பல பராமரிப்பு இல்லாமல் பயனற்றுப் போனதை 2005இல் சக்ரவர்த்தியின் குழுவே ஆய்ந்து வெளியிட்டது. மழை நீரும் ஆற்று நீரும் குளங்களும் இத்தனை இருக்கும் வங்காளத்தில் ஆழ்துளையை நம்புவது ஏன் என்று 2018இல் இறக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்கள் தலைமுறையாகப் பல்லிலும் எலும்பிலும் ஃபுளோரைடைச் சுமந்ததும் இதே ஆழ்துளை நீரால்தான். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை அங்கே கொண்டு சேர்த்தது. கோடையில் குழாயில் வரத்து குறையும் ஊர்களில் மக்கள் பழைய கைப்பம்பைத்தான் மறுபடி அடிக்கிறார்கள், அந்த நீரைச் சோதித்து எழுதிவைக்க அங்கே ஒரு ஜாதவ்பூர் குழு இன்றும் தேவைப்படுகிறது.